வேபிரிட்ஜ் அக்கா

ஒரு பெண்ணின் விசைப்பலகையை நான் பிடுங்கினேன். அதனால் அவள் திருடி என்ற பெயரோடு வேலையை இழந்தாள். அவள் திருடவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விசாரணை அறையில் அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். சுற்றி வளைத்துச் சொல்லும் வயதைத் தாண்டிவிட்டதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. "என் பேர நீ எழுதக் கூடாது. எழுதி எழுதி அதுவும் உன்னுதாப் பூடும்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் இரும்பு உருக்காலைக்கு வந்து போன லாரிக்காரர்கள் அத்தனை பேரும் அவளை வேபிரிட்ஜ் அக்கா, அதாவது எடைமேடை அக்கா, என்றே கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். மரியாதை பாதி, பயம் பாதி.

விசைப்பலகை என்றதும் மேசைமேல் கிடக்கும் பலகையை நினைக்க வேண்டாம். நான் சொல்வது கணினித் திரையின் கீழ்ப்பாதியில் எழும்பி நிற்கும் எழுத்துப் பலகையை. மௌஸின் அம்பை ஓர் எழுத்தின்மேல் கொண்டுபோய்ச் சற்று நிறுத்தினால் அந்த எழுத்து தானே அழுந்திக்கொள்ளும். விரல் தேவையில்லை. அவளுக்கு விரல்கள் இல்லை.

எங்கள் முதலாளிக்குச் சொந்தமான, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் பட்டறையில் அவள் வேலை பார்த்தபோது இயந்திரம் தவறி இறங்கி, இரண்டு கைகளிலும் விரல்களைக் கொண்டுபோய்விட்டது. உள்ளங்கைகள் மட்டும் மிஞ்சின. நஷ்டஈட்டுக்குப் பதிலாக ஆயுசுக்கும் வேலை தருவதாக ஒப்பந்தம் எழுதி, அவளை எடைமேடைக் கணினியின் முன் உட்காரவைத்தார்கள். ஒப்பந்தத்தின் வாசகம் என்னுடையது. நான் அங்கே நிர்வாக மேலாளர். 'ஒழுங்கீனம் நிரூபிக்கப்பட்டால் வேலை ரத்தாகும்' என்ற வரியையும் நான்தான் சேர்த்தேன். அன்றைக்கு அது வெறும் வழக்கமான வரி.

பழைய இரும்பு ஏற்றிய லாரி மேடைமேல் வந்து நிற்கும். எடை தானாகவே கணினியில் விழும். வண்டி எண், சரக்கு, விற்றவர் பெயர் எல்லாவற்றையும் அவள் எழுதிச் சேமிக்க வேண்டும். சரக்கை இறக்கியபின் காலி வண்டியை மறுபடியும் எடை போடுவாள். ஆரம்பத்தில் உள்ளங்கையில் ரப்பர் பட்டையால் ஒரு பென்சிலைக் கட்டிக்கொண்டு எழுத்துகளைக் குத்தினாள். ஒரு எழுத்துக்குக் குறி வைத்தால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். அழித்துவிட்டு மறுபடி குத்துவாள்.

பிறகு தலைமை அலுவலகம், மென்பொருள் உரிமத்துக்குப் பணம் கட்டி மாளவில்லை என்று எல்லாக் கணினிகளையும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாற்றியது. நாங்கள் அத்தனை பேரும் முணுமுணுத்தோம். அவள் மட்டும் மாற்ற வந்த பொறியாளரிடம் திரையின் மேல் மூலையைக் காட்டி, கைகால்களை விரித்து நின்ற ஒரு குட்டி மனித உருவம் யார் என்று கேட்டிருக்கிறாள். "அது உங்களுக்குத் தேவைப்படாது மேடம்" என்றாராம் அவர். அவர் வேனில் ஏறும்வரை காத்திருந்தாள்.

"தேவப்படாதுன்னு அவரு எப்டி சொல்லலாம்? அதான் அமுக்கிப் பாத்தேன்" என்று பின்னாளில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அமுக்கியதும் பட்டியல் ஒன்று விரிந்தது. அதில் ஒரு வரியைத் தொட்டதும் திரையின் அடியிலிருந்து எழுத்துப் பலகை மேலெழுந்து வந்தது. மறுநாளே மேசையைத் திருப்பிப் போடச் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். எழுத்தின்மேல் அம்பு நிற்கும்போது அந்த எழுத்து பளிச்சென்று நிறம் மாறும். பின்னால் நிற்பவன் அவளுடைய கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகப் படித்துவிடலாம். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்தப் பலகைக்கு ஒரு குறையும் இருந்தது. எழும்பி நின்றால் படிவத்தின் அடிவரியையும் 'சேமி' பொத்தானையும் மறைத்துவிடும். ஒவ்வொரு முறையும் எழுதி முடித்து, பலகையைக் கீழே தள்ளி, எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, அப்புறம்தான் சேமிப்பாள். மற்ற ஷிப்டுக்காரர்கள் எழுதியதில் பிழை வந்தது. அவள் எழுதியதில் வந்து நான் பார்த்ததில்லை.

இனி அவள் சுபாவத்தைச் சொல்ல வேண்டும். யார் எதைச் சொன்னாலும், எதைச் செய்தாலும் அவள் அதைத் திருப்பித் தந்துவிடுவாள். அன்றே தரமாட்டாள். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். வாரம் போகும், மாதம் போகும். கொடுத்தவன் மறந்திருப்பான்.

"வாங்கனத எல்லாம் வெச்சிக்கினு கீறதுக்கு நான் இன்னா கோயில் உண்டியலா?" என்பாள்.

நெல்லூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவன். மேடையில் லாரியை நிறுத்திவிட்டு, கிளீனரிடம் "மொண்டிக் கை எப்ப எழுதி முடிச்சி, நாம எப்ப ஊடு போய்ச் சேர்றதுடா" என்றான். ஜன்னல் திறந்திருந்தது. அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சித்திரை வெயில் வந்தது. எடை போடும்போது வண்டியில் ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் ஆலையில் அதை யாரும் கடைப்பிடித்ததில்லை. அவன் வண்டி மேடை ஏறிய ஒருநாள் அந்த விதி உயிர்பெற்றது.

"எறங்கு நைனா."

"இன்னாக்கா, முன்னாடி போனவன் உக்காந்துக்கினுதானே இருந்தான்?"

"அவன் வேற, நீ வேற. ஒனக்கு ஒடம்பு கனம் ஜாஸ்தி. வாய் அதவிட ஜாஸ்தி. இரும்போட சேந்துக்கும்."

இரும்புத்தூள் பொரியும் தரையில் அவன் நின்றான். அவள் அம்பை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினாள். அப்புறம் கிளீனர் உள்ளே இருக்கிறான் என்று மறுபடி எடை. அப்புறம் வண்டிச் சக்கரம் மேடை விளிம்பில் படுகிறது என்று மறுபடி. அவன் வந்த போதெல்லாம் இதே கதை. கடைசியில் ஒருநாள் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே வந்தான்.

"அக்கா, பேஜாரு தாங்கல. வாய்க்கொழுப்புல பேசிட்டேன்."

"ஏறிக்கோ" என்றாள். அதோடு சரி. அடுத்த நடையிலிருந்து அவன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பீடி குடித்தான், அவள் கண்டுகொள்ளவில்லை. இதை நான் அன்று கவனிக்கத் தவறினேன்: அவளுடைய பழிக்கு ஓர் அளவு இருந்தது. வந்த எடைக்குத் திருப்பிக் கொடுப்பாள். மேற்கொண்டு ஒரு பிடி போடமாட்டாள்.

கேன்டீன் மாஸ்டர் கதையும் அப்படித்தான். அவள் முதன்முதலாகத் தட்டை நீட்டியபோது, "ஊட்டிவுட ஆள் கூட்டிக்கினு வரணும்மா" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அவள் வளையம் வைத்த ஸ்பூன் ஒன்றைச் செய்வித்து, பட்டையால் கையில் மாட்டிக்கொண்டு சாப்பிடப் பழகினாள். எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் தராசும் அவள் பொறுப்பு. கேன்டீனுக்கு வரும் அரிசி, காய்கறி எல்லாம் அதில் ஏற வேண்டும். ஒரு பண்டிகைக்கு முந்தைய நாள் மாஸ்டரின் உருளைக்கிழங்கு மூட்டைகளை அவள் நிறுத்தினாள். கோணியின் எடையைக் கழிக்க வேண்டும்; கோணியைக் கழிக்க வேண்டுமானால் கிழங்கை வெளியே கொட்ட வேண்டும். கொட்டினார்கள். கீரைக்கட்டில் தெளித்திருந்த தண்ணீரை உதறச் சொன்னாள். உதறினார்கள். சாப்பாட்டு மணி அடித்தபோது குழம்பு கொதிக்கவே ஆரம்பிக்கவில்லை. தொழிலாளர்கள் தட்டைத் தட்டி மாஸ்டரை ஏசியது என் அறைவரைக்கும் கேட்டது.

நான் வாங்கிக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து சிலர் வந்திருந்தார்கள். ஆலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தேன். எடைமேடை அறையில் அவள் மௌஸை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி எழுதுவதை அவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று தோன்றியது. "எங்க வேபிரிட்ஜ்ல கோழி கொத்துது சார். ஒரு பேர கொத்தி முடிக்கறதுக்குள்ள லாரி துருப்பிடிச்சுடும்" என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சில வாரங்கள் கழித்து, அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய மின்விசிறி ஒன்றை அனுமதி வாங்கி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று மாலை செவ்வாப்பேட்டையில் என் வீட்டுக்கு மூத்த மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆலையிலிருந்து எது வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும், அதை எழுதுவது அவள். ஜன்னலில் குனிந்தேன்.

"சீக்கிரம்மா. ரயிலுக்கு நேரமாச்சு."

"இதோ சார்." எழுத்துப் பலகை எழுந்தது. என் பெயரை எழுதினாள். அப்புறமும் அம்பு நகர்ந்துகொண்டே இருந்தது.

"பேர் மட்டும் போதும்மா."

"அது எப்டி சார்? ஒங்க ரூம் போர்டுல போட்டுக்கீதே, எம்.ஏ., எம்.ஃபில்., அப்பால இன்னாவோ டிப்ளமா. பாதி பேர போட்டா வேற யாரோன்னு கேட்டுல புடிச்சிட மாட்டானுங்க?"

எனக்குப் பின்னால் லாரிகள் சேர்ந்துவிட்டன. ஒரு டிரைவர் இன்னொருவனிடம், "சார் ரொம்பப் படிச்சிட்டாருப்பா. இன்னிக்கி நம்ம லோடு எறங்காது" என்றான்.

"டிப்ளமா எதுல சார்? முழுசா சொல்லுங்க."

சொன்னேன். என்ன செய்வது? தொழிலாளர் நலச் சட்டத்தில் டிப்ளமா என்று அத்தனை லாரிக்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னேன். ஒவ்வோர் எழுத்தின்மேலும் அம்பு நின்றது, நிறம் மாறியது, நகர்ந்தது. கடைசியில் பலகையைக் கீழே தள்ளி, எல்லாவற்றையும் சரிபார்த்து, சேமித்து, சீட்டு வெளியே வந்ததும் "கோழி கொத்தி முடிச்சிருச்சி சார்" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. கும்மிடிப்பூண்டி நடைமேடையில் மின்விசிறியை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனபோது வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் கொடுக்கல் வாங்கல் அங்கே முடிந்துவிட்டது. டிரைவருக்கு அது புரிந்தது. கேன்டீன் மாஸ்டர்கூட உருளைக்கிழங்கோடு விட்டுவிட்டார். நான் படித்தவன், விடவில்லை.

அவளை எங்கே தொட்டால் வலிக்கும் என்று பல நாள் யோசித்தேன். கணினிகளின் நிர்வாகக் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. பராமரிப்பு நிறுவனத்துக்குப் போன் செய்து, பாதுகாப்புக்காக என்று சொல்லி விவரம் கேட்டுக்கொண்டேன். லினக்ஸில் உள்ளே போனபிறகு வரும் எழுத்துப் பலகை வேறு. கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையில் வருவது வேறு. உள்ளே இருப்பதை நான் தொடவில்லை. தொட்டால் வம்பு என்று என் முதுகலைப் பட்டம் சொன்னது. வாசலில் இருந்ததை மட்டும் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலை மூடியிருந்தபோது, அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து அதைச் செய்தேன். அந்தக் குட்டி மனித உருவம் நுழைவுத் திரையின் மூலையிலிருந்து மறைந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்து வெளியே பூட்டியது போல. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. திரும்பும் வழியில் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன்.

பிறகு ஒரு சுற்றறிக்கை: 'திரையில் அழுந்தும் எழுத்துகளைப் பின்னால் நிற்பவர் பார்க்கக்கூடும் என்பதால், பாதுகாப்பு கருதி, நுழைவுத் திரையில் திரை விசைப்பலகை நீக்கப்படுகிறது.'

திங்கள் காலை என் அறைக்கு வந்தாள். வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"சார், அந்த பொம்மையக் காணோம்."

"எந்த பொம்மை?"

அவள் உள்ளங்கையால் என் கணினித் திரையின் மூலையைக் காட்டினாள். சுற்றறிக்கையை அவள் பக்கம் தள்ளினேன். படித்தாள்.

"எனக்குப் பின்னால செவுருதான் சார் கீது."

"விதின்னா எல்லாருக்கும்தான்மா."

"அப்ப நான் எப்டி உள்ள போறது? பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவுல ஒரு குறி, எல்லாம் வெக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. ஷிப்ட அமுக்கிக்கினே இன்னோரு எழுத்த நான் எதால அமுக்கறது?"

"பக்கத்துல இருக்கற யாரையாவது அடிச்சுக் குடுக்கச் சொல்லு."

"என் பாஸ்வேர்ட இன்னோருத்தன்கிட்ட சொல்றதா?"

"ஒனக்கென்ன, கஜானா சாவியா?"

அவள் சிரிக்கவில்லை. அதற்கு முன் எதை வாங்கிக்கொண்டபோதும் சிரித்திருக்கிறாள். அன்று சிரிக்காமல் போனாள்.

கணினி சற்று நேரம் சும்மா இருந்தால் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அவள் யாரையாவது கூப்பிட வேண்டும். ஷிப்ட் மேற்பார்வையாளன் பெரும்பாலும் அங்கேயே நிற்பவன். அவனிடம் கடவுச்சொல்லைச் சொல்ல ஆரம்பித்தாள். எதையும் பிறரைக் கேட்டுச் செய்வது யாருக்கும் பிடிக்காது. அவளுக்கு அது விரல் போனதைவிடப் பெரிய வலி என்பதை நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத்தான் செய்தேன்.

சில மாதங்களில் இருப்பில் இரும்பு குறைந்தது. முன்பே எடை போட்ட லாரிகளை மறுபடி மேடையேற்றி, வராத இரும்பு வந்ததாகக் கணினியில் பதிந்து பணம் வாங்கப்பட்டிருந்தது. எல்லாப் பதிவும் அவள் பெயரில். விசாரணை வைத்தார்கள்.

"இது நான் எழுதனது இல்ல. அந்த நேரத்துல நான் கேன்டீன்ல இருந்தேன்" என்றாள், ஒரு மதியப் பதிவைக் காட்டி. கேன்டீன் மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். "கூட்டத்துல யார கவனிக்கறது சார்" என்றார். பரிமாறியவர்களும் அதையே சொன்னார்கள். அவளிடம் எதையும் திரும்ப வாங்காதவர் அந்த ஆலையில் அதிகம் இல்லை.

"பாஸ்வேர்ட ஏன் மேற்பார்வையாளருக்குச் சொன்ன?" என்று கேட்டார்கள்.

"சார்தான் சொல்லச் சொன்னாரு" என்று என்னைக் காட்டினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். கடவுச்சொல்லைப் பகிர்வது தவறு என்பது எல்லாப் பணியாளர்களுக்கும் தெரிந்ததே என்றேன். நான் சொன்னது பொய் அல்ல. அந்த வாக்கியத்தை அதற்காகவே முந்தின நாள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

அந்த மதியம் அவள் கேன்டீனில் இருந்தாள். அதிகாரிகளுக்கான தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். தடுப்பின் இடுக்கு வழியாக அவளைப் பார்த்தேன். பூட்டிய கணினிக்கு யாரையோ கூப்பிட்டு அலைந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும், அவள் தப்பித்திருப்பாள். 'நான் பார்த்தேன்' என்று சொல்லியிருந்தால், எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

ஒழுங்கீனம் நிரூபணமானதாக எழுதினார்கள். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், பையைச் சோதித்து அவளை அனுப்பினார்கள். விரல்களுக்காகக் கிடைத்த வேலை விரல்களைப் போலவே போயிற்று. அந்த மேற்பார்வையாளன் பிறகு தானாக விலகிப் போனான்.

நான் ஓய்வு பெற்றேன். வருடங்கள் ஓடின. மனைவி வழி நிலத்துக்குப் பட்டா விஷயமாகப் பொன்னேரிக்குப் போனவன், விண்ணப்பம் எழுதித் தரும் கணினிக் கடை ஒன்றில் நுழைந்தேன். மேசை சுவரோரம் கிடந்தது. சுவருக்கு முதுகைக் கொடுத்து அவள் உட்கார்ந்திருந்தாள். தலையில் பாதி நரை.

"பேர்..." என்று ஆரம்பித்தேன்.

"தேவயில்ல சார். மனப்பாடம்."

எழுத்துப் பலகை எழுந்தது. என் பெயரை, பட்டங்களை, டிப்ளமாவைக் கேட்காமலே எழுதினாள். முன்னைவிட வேகம். அச்சிட்டு நீட்டினாள். கூலியை வைத்துவிட்டு ரயில் நிலையம் வரைக்கும் போனேன். ஏறவில்லை. திரும்பி வந்தேன். கடையில் வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"அன்னிக்கி மத்தியானம் நீ கேன்டீன்ல இருந்தத நான் பார்த்தேன்மா" என்றேன்.

அவள் கை மௌஸ்மேல் நின்றது. அம்பு ஏதோ ஓர் எழுத்தின்மேல் இருந்திருக்க வேண்டும். அது தானே அழுந்தி அழுந்தித் திரை முழுக்க ஒரே எழுத்தாக ஓடியது. அவள் கவனிக்கவில்லை.

"இன்னா சாப்ட்டேன்?"

"எலுமிச்சம்பழ சாதம். ஸ்பூன் பட்ட அவுந்து கீழ விழுந்துது. யாரும் எடுத்துத் தரல. நீ மண்டி போட்டு, பல்லால கவ்வி எடுத்த."

காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அத ஒருத்தரும் பாக்கலன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு, "இங்க சொல்லாத. எங்க சொல்லலியோ அங்க போய் சொல்லு" என்றாள். முதல்முறையாக என்னை 'நீ' என்றாள்.

வேலைநீக்கத்தை எதிர்த்து அவள் போட்ட வழக்கு சென்னையில் தொழிலாளர் நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு சாட்சிகூட இல்லை. நான் போகிறேன் என்றதும் என் மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, அது உங்க மேலயே திரும்பும். இந்த வயசுல கோர்ட்டுக்கு அலையணுமா?" போனேன். சுற்றறிக்கையையும், அதை எழுதிய காரணத்தையும், கேன்டீனையும் சொன்னேன். நிறுவனத்தின் வழக்கறிஞர், வயது காரணமாக ஞாபகம் பிசகியிருக்கலாம் அல்லவா என்று மெதுவாகக் கேட்டார். தப்பிக்கக் கொடுத்த வழி அது. பல விஷயங்கள் மறந்துவிட்டன, இது மறக்கவில்லை என்றேன்.

வேலைநீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வேலையைத் திருப்பித் தரச் சொன்னார்கள்.

தீர்ப்பு நாளில் வெளியே வராந்தாவில் நடந்ததைத்தான் சொல்லியாக வேண்டும். அவளுடைய வழக்கறிஞர் என் இரு கைகளையும் பற்றிக் குலுக்கினார். "இந்தக் காலத்துல எவன் சார் தன் தப்பத் தானே வந்து ஒத்துக்குவான்?" தொழிற்சங்கத்துக்காரர் என் தோளில் துண்டு போட்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார். அவளை இத்தனை வருடமும் வீட்டில் திருடி என்று ஏசிவந்த அவளுடைய அண்ணன் மனைவி, "பெரிய மனசு ஐயா ஒங்களுக்கு" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் தடுத்தேன், கொஞ்சம் தாமதமாக. வேபிரிட்ஜ் அக்கா ஒரு தூணருகே தனியாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்தபின் பக்கத்தில் வந்தாள்.

"எல்லாரும் ஒன்ன நல்லவன்னு சொல்லிட்டாங்க இல்ல?"

"நான் அதுக்காக வரலம்மா."

"வரல. ஆனா வாங்கிக்கின."

அடுத்த மாதம் எனக்கு நோட்டீஸ் வந்தது. மாற்றுத்திறனாளியின் வசதியை வேண்டுமென்றே பறித்து அவமானப்படுத்தியதாக, என் பெயரைப் போட்டு, திருவள்ளூரில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தாள். ஆதாரம், நீதிமன்றத்தில் நானே கொடுத்த வாக்குமூலம். மகன் கொதித்தான். "பாத்தீங்களா? நன்றி கெட்ட ஜென்மம். ஒரு வக்கீல வெச்சி ஒடச்சிடலாம்." வேண்டாம் என்றேன்.

கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு சின்ன அறை. பொறுமையான அலுவலர். எதிரெதிராக உட்கார்ந்தோம். மனுவைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார். எல்லாம் உண்மை, மறுப்பதற்கு ஒன்றும் இல்லை என்றேன். அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

"ஐயா கோர்ட்லயே சொல்லிட்டாரு. உங்களுக்கு வேலையும் கெடச்சிடுச்சு. வயசானவரு. இன்னும் என்னம்மா எதிர்பார்க்கறீங்க?"

"ஜட்ஜுகிட்ட சொன்னாரு. வக்கீலுகிட்ட சொன்னாரு. பேப்பர்காரன்கிட்ட சொன்னாரு. எங்கண்ணிகிட்டகூட சொன்னாரு" என்றாள். "என்கிட்ட மன்னிப்பு கேக்கல."

யோசித்துப் பார்த்தேன். கடைக்குப் போனபோது, பார்த்தேன் என்று சொன்னேன். சாட்சிக் கூண்டில் நின்று நடந்ததைச் சொன்னேன். அவளைப் பார்த்து அந்தச் சொல்லை நான் சொல்லவே இல்லை.

நாற்காலியைத் தள்ளி எழுந்தேன். வாசலில் இருந்த எழுத்துப் பலகையை எடுத்ததற்கு, கடவுச்சொல்லை யாரையாவது அடித்துத் தரச் சொல் என்றதற்கு, கேன்டீனில் பார்த்ததைச் சொல்லாததற்கு, ஸ்பூன் விழுந்தபோது எழுந்து வராததற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பாமல் முழுவதையும் கேட்டாள்.

அலுவலர் மூச்சு விட்டார். "நல்லதும்மா. இரு தரப்பும் சமாதானமாயிட்டதா எழுதிடலாமா?"

"இல்ல. அவரு கேட்டாருன்னு எழுதுங்க. நான் குடுக்கலன்னு எழுதுங்க."

"அப்படி எழுதற வழக்கமில்லம்மா. மன்னிப்பு கேட்டுட்டாரே..."

"கேட்டாரு. கேக்கறது அவருது. குடுக்கறது என்னுது இல்லியா? நான் குடுக்கல."

அலுவலர் உதவி கேட்பதுபோல என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தன் வழக்கப்படியே எழுதி முடித்திருப்பார். வராந்தாவில் அத்தனை பேர் எனக்காகப் பேசியதுபோல, இங்கேயும் பேச ஒருவர் தயாராக இருந்தார்.

"அவங்க சொல்ற மாதிரியே எழுதுங்க" என்றேன்.

எழுதினார். 'எதிர்மனுதாரர் மன்னிப்புக் கேட்டார். மனுதாரர் அதை ஏற்கவில்லை.' அவள் அதை உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தார். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தார்.

"ம்" என்றாள். தாள் என் பக்கம் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.